கழற்றப்பட்டிருந்தது

மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் நான்கு வருடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தேன். ஒரு வெள்ளைப் பலகை, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மழை வந்தால் ஒழுகும் ஒரு மூலை, அவ்வளவுதான் வகுப்பு. வருகிறவர்களில் பாதிப்பேர் ஷிஃப்ட் முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் மாடி ஏறுவார்கள். சிப்காட்டில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள், காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், டிப்ளமோ முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு அலைகிறவர்கள், நர்சிங் படித்த இரண்டு மூன்று பெண்கள்.

வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு சந்தேக நோட்டு வைத்திருந்தேன். பெயர் போடாமல் எழுதலாம். வகுப்பை மூடிய பிறகும் அந்த நோட்டை நான் தூக்கிப் போடவில்லை. இப்போதும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு.

"'இட்ஸ்'ல எப்போ மேல கமா வைக்கணும்?"

"'ரெஸ்பெக்டட் சார்'க்கு அப்புறம் கமாவா, புள்ளியா?"

"'டிஸ்கஸ் அபௌட்'னு சொன்னதுக்கு மேனேஜர் சிரிச்சாரு. ஏன் சிரிச்சாரு?"

"'தி' எங்க போடணும்? போடலைன்னா இன்னா ஆவும்?"

முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். 'இட் இஸ்' என்று பிரித்துப் படித்தால் பொருள் வருகிறதா, மேலே கமா வை. வரவில்லையா, வைக்காதே. ரெஸ்பெக்டட் சாருக்குப் பின்னால் கமா. மூன்றாவதில் இலக்கணக் கேள்வி கொஞ்சம்தான், மீதியெல்லாம் மேனேஜரைப் பற்றிய கேள்வி. நாலாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. 'தி' எங்கே போடணும் என்பதற்கு ஒரு வழியாகப் பதில் சொல்லிவிட்டேன். தமிழில் 'தண்ணி குடிச்சேன்' என்பதற்கும் 'தண்ணியைக் குடிச்சேன்' என்பதற்கும் வித்தியாசம் உண்டில்லையா, அந்த 'ஐ' செய்கிற வேலையை இங்கிலீஷில் பல இடத்தில் 'தி' செய்கிறது, எந்தத் தண்ணி என்று கேட்கிறவருக்குத் தெரிந்தால் போடு என்றேன். ஆனால் போடலைன்னா இன்னா ஆவும்?

அன்றைக்கு, ஒன்றும் ஆகாது, புரிஞ்சுக்குவாங்க என்று சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டேன். ஒரு வாக்கியத்தைச் சரியாக எழுதினால் என்ன ஆகும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

*

வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பிக்கு வேலையில் கையில் அடிபட்டது. வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. கம்பெனியில் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், இங்கிலீஷில். படிக்கப் போகிற ஹெச்ஆர் ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. இடது கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தான். எழுத்து சின்னப்பிள்ளை எழுத்துபோலச் சரிந்து கிடந்தது.

'சூப்பர்வைசர் சார் டோல்ட் மீ ரிமூவ் தி கவர். ஐ ரிமூவ் தி கவர். மை ஃபிங்கர் கட்.'

"சார், கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல மாத்திக் குடுங்க சார். படிக்கறவங்க சிரிக்கக் கூடாது."

நான் மாற்றிக் கொடுத்தேன். 'தி சேஃப்டி கவர் ஆஃப் தி மெஷின் ஹேட் பீன் ரிமூவ்டு, அஸ் எ ரிசல்ட் ஆஃப் விச் ஆன் இன்ஜுரி வாஸ் சஸ்டெய்ண்டு டு மை ரைட் ஹேண்ட்.' இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்தது, அதன் விளைவாக என் வலது கையில் காயம் ஏற்பட்டது. அவன் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தான். முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கும்தான், மறைக்க என்ன இருக்கிறது. பிழையே இல்லாத வாக்கியம். எந்த வாத்தியாரும் சிவப்பு மையால் தொட முடியாது.

அவன் எழுதிக் கொண்டுவந்ததில் மூன்று பேர் இருந்தார்கள்: சொன்ன சூப்பர்வைசர், கேட்டுக் கழற்றிய இவன், வெட்டுப்பட்ட விரல். நான் எழுதியதில் ஒரு மூடியும் ஒரு காயமும் மட்டும் இருந்தன. இது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு மழை ராத்திரி, வகுப்பில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது தெரிந்தது.

*

ஏன் அப்படி மாற்றினேன்? கெட்ட எண்ணத்தோடு அல்ல. செயப்பாட்டு வினைதான் மரியாதையான இங்கிலீஷ் என்று நான் படித்த பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டேன். ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாக மாற்று, ஐந்து மார்க். 'யாரோ என் பேனாவைத் திருடிவிட்டார்' என்றால் 'என் பேனா திருடப்பட்டது'. 'யாரோ ஒருவரால்' என்ற கடைசித் துண்டை எழுதத் தேவையில்லை, அடித்துவிடலாம் என்று டீச்சர் சொல்லித் தருவார். பத்து வயதில் ஆயிரம் வாக்கியங்களில் செய்தவனை அடித்துவிட்டுப் பழகியிருக்கிறோம், மார்க்குக்காக. நம் நாட்டில் பல தலைமுறை கையில் வைத்திருந்த இலக்கணப் புத்தகம் ரென் அண்ட் மார்ட்டின். அந்த ரென், வெளிநாட்டுப் படையில் சேர்ந்து வெயிலில் சாகிற சிப்பாய்களைப் பற்றி 1924இல் 'பியூ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதி உலகப் புகழ் பெற்ற அதே பி.சி. ரென்தான். இதைச் சொன்னால் வகுப்பில் யாரும் நம்பமாட்டார்கள்.

தப்பு இங்கிலீஷின் மேல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். தமிழில் நாம் இப்படி மறைப்பதில்லை என்று பெருமைப்படலாம். அது பொய். நம் செய்தித்தாளில் தினமும் விபத்து 'ஏற்படுகிறது', தடியடி 'நடத்தப்படுகிறது'. இது புதுப் பழக்கமும் இல்லை. செயப்படுபொருளையே அந்தச் செயலைச் செய்ததுபோலச் சொல்வதும் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விதி வகுக்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் உதாரணத்தை இன்றைய தமிழில் சொன்னால்: திண்ணை மெழுகியது, பாத்திரம் கழுவியது. திண்ணை எப்படித் தன்னைத் தானே மெழுகிக்கொள்ளும்? சாணியைக் கரைத்து, முட்டி போட்டு, விடியற்காலையில் யாரோ ஒருத்தி மெழுகியிருப்பாள். அவள் கை அந்த உதாரணத்தில் இல்லை. அந்த உரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒருத்தியின் ஞாபகம்தான் வரும்.

அந்தத் தம்பியிடம் நடந்ததைத் தமிழில் கேட்டிருந்தேன். அடிக்கடி சரக்கு சிக்கிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் டார்கெட் போய்விடும் என்று விளக்கினான். பிறகு, "கவரைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னாங்க சார்" என்றான்.

சொன்னாங்க. யார்? ஒருத்தரா, பத்துப் பேரா? மரியாதைக்காகச் சொன்ன 'ஆங்க'வா, பன்மைக்காகச் சொன்ன 'ஆங்க'வா? தமிழில் எழுவாயை விட்டுவிடலாம், வினைமுற்றே பார்த்துக்கொள்ளும். அந்த 'ஆங்க'வுக்குள் சூப்பர்வைசரும் உட்காரலாம், கம்பெனியும் உட்காரலாம், விதியும் உட்காரலாம். இங்கிலீஷில் அப்படி முடியாது. வாக்கியத்தின் தலையில் ஒருத்தரைக் கொண்டுவந்து உட்காரவைக்காமல் வாக்கியம் நகராது. முதல் வகுப்பிலேயே இதைத்தான் பலகையில் எழுதினேன்: முதலில் செய்தவர், அப்புறம் செயல், அப்புறம் மற்றதெல்லாம். அதை அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். வேறு வழி தெரியாததால், தமிழில் சொல்லாததை இங்கிலீஷில் சொன்னான். சூப்பர்வைசர் சார் டோல்ட் மீ.

கற்றுக்கொள்கிறவனுக்கு அந்த மொழியில் ஒளிந்துகொள்ளும் இடங்கள் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் கொண்டுவந்த வாக்கியத்தைக் கூட்டிப்போய் அந்த இடத்தில் ஒளித்துவைத்தேன். அதற்கு அவன் எனக்கு நன்றி சொன்னான்.

*

இந்தக் கதையைச் சொன்னதும் சில நண்பர்கள் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். திருத்துவதே வன்முறை, இங்கிலீஷ் என்ன பெரிய அறிவா, தப்பாகப் பேசினால் என்ன, புரிந்தால் போதாதா என்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவர்கள் எல்லாருமே நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவர்கள். நர்சிங் படித்த ஒரு பெண் இன்டர்வியூவில் 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்றாள். தமிழில் 'ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்' என்று நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம், அதைத்தான் அவள் சொன்னாள். எதிரே இருந்த இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவளிடம் போய், உன் இங்கிலீஷில் ஒன்றும் தப்பில்லைம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'ஐ ஹேவ் பீன்' என்று இருபது முறை சொல்லவைத்தேன். அதைச் செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

பிழை சிறியதாக இருப்பதால் அதன் விலையும் சிறியதாக இருக்கும் என்பதும் கிடையாது. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் கம்பெனியின் லாரி டிரைவர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் இல்லை என்று அந்த மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. பட்டியலின் கடைசியில், அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பேக் செய்வது என்று வந்தது. 'ஆர்' என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லை. கமா இருந்திருந்தால் விநியோகம் தனி வேலை, டிரைவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது. இல்லாததால், பேக் செய்வது மட்டும்தான் விலக்கா, விநியோகமும் சேர்த்தியா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. சந்தேகம் இருந்தால் தொழிலாளிக்குச் சாதகமாகப் படிக்கவேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் நின்றது. மறு வருடம் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. வகுப்பில் இதைச் சொன்ன நாளில், கமாவைக் கண்டாலே எரிந்து விழும் ஒரு கிரேன் ஆபரேட்டர், "அப்போ இதுவும் ஒரு வேலைதான் சார்" என்றார்.

ஆக, போடலைன்னா இன்னா ஆவும் என்பதற்குச் சில நேரம் 50 லட்சம் டாலர் ஆகும் என்பதும் பதில்.

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. சொல்லை மூன்றாகப் பார்ப்பார்கள்: வழாநிலை, வழு, வழுவமைதி. பிழையில்லாதது, பிழை, பிழைதான் ஆனால் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொண்டது. பசு வந்ததைப் பார்த்து ஒருவன் ஆசையாக 'எங்கம்மா வந்துட்டா' என்றால் அது திணைப் பிழை. ஆனால் மகிழ்ச்சியினால் சொன்னது, இருக்கட்டும். சாப்பிட்டுக்கொண்டே 'இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுக்கிறவன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, காலம் தப்பு. ஆனால் அவசரத்தில் சொன்னது, இருக்கட்டும். மகிழ்ச்சி, கோபம், உயர்வு, இழிவு, அவசரம் என்று காரணங்களைக்கூட எண்ணிவைத்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்தத் தாராள மனசு அல்ல, அந்த வரிசை. பிழை என்று அடிப்பதற்கு முன்னால், ஏன் இப்படிச் சொன்னான் என்று கேட்டாகவேண்டும்.

நான் கேட்கவில்லை. அவன் வாக்கியத்தில் நான் முதலில் அடித்த சொல் எது என்று ஞாபகம் இருக்கிறது. 'சார்'. சூப்பர்வைசர் சார் என்பது இங்கிலீஷ் இல்லை. சூப்பர்வைசர் என்றால் போதும், சார் எதற்கு? அடித்தேன். தன் விரலை எடுத்த உத்தரவைப் புகாராக எழுதும்போதுகூட அவனால் சாரைக் கழற்ற முடியவில்லை. கவரைக் கழற்று என்று சொன்னபோது முடியாது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற எவருக்கும் அந்த ஒரு சொல்லில் பதில் இருந்தது. 'டோல்ட் மீ'க்குப் பிறகு 'டு' இல்லாதது வெறும் வழு, திருத்தலாம். 'சார்' வழுவமைதி.

*

வழக்கறிஞராக இருக்கும் ஒரு தோழியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை, திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"'நான் கழட்டினேன்'னு அவன் கைப்பட எழுதிக் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" என்றாள்.

அப்போது நடைமுறையில் இருந்தது 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குப் பாதுகாப்பான தடுப்பு போடப்படவேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. அதுவும் செயப்பாட்டு வினைதான். ஆனால் சட்டம் அதோடு நிற்கவில்லை. மீறினால் யார் குற்றவாளி என்று 92ஆம் பிரிவில் ஆக்குபையர், மேனேஜர் என்று இரண்டு பேரை நிறுத்துகிறது. என் வாக்கியத்துக்கு 92ஆம் பிரிவு இல்லை. அதே சட்டத்தில் 111ஆம் பிரிவு ஒன்றும் இருக்கிறது. பாதுகாப்புச் சாதனத்தில் தொழிலாளி வேண்டுமென்றே கை வைக்கக் கூடாது. 'ஐ ரிமூவ் தி கவர்' என்ற அவனுடைய இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுத்து அந்தப் பிரிவின் பக்கத்தில் வைத்தால் போதும், முதல் வாக்கியத்தை யாரும் படிக்கமாட்டார்கள் என்றாள் தோழி. "உன் பேசிவ் வாய்ஸ் அந்த சூப்பர்வைசரை மட்டுமா காப்பாத்துச்சு? அந்தப் பையனையும்தான்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே வாக்கியம் இரண்டு பேரையும் மறைத்திருக்கிறது. அப்படியானால் நான் செய்தது நல்லதா? இந்தக் கேள்வியோடு ரொம்ப நாள் சுற்றினேன். கடைசியில் எனக்குத் தெளிவானது இவ்வளவுதான்: நல்லதாகவே இருந்திருந்தாலும் அதை முடிவு செய்யவேண்டியவன் நான் இல்லை. தன் பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்வதா, சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிப் பகைத்துக்கொள்வதா, இரண்டையும் மறைத்து வேலையைத் தக்கவைத்துக்கொள்வதா என்று மூன்று வழி அவன் முன்னால் இருந்தது. மூன்றிலும் ஆபத்து இருந்தது. 'இப்படி எழுதினா யாரு கழட்டுனாங்கன்னு தெரியாதுப்பா, பரவாயில்லையா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் இலக்கணத்தைத் திருத்தச் சொன்னான். நான் நடந்ததையே திருத்திவிட்டு, இலக்கணம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு பழக்கம் வந்தது. 'டு', 'எஸ்', கமா, 'தி' இதையெல்லாம் கேட்காமல் திருத்துவேன். யார், எப்போது, யாரிடம், எத்தனை முறை என்கிற இடங்களில் கை வைப்பதானால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆளைக் கேட்பேன். இந்தக் கோடும் எப்போதும் நேராக இருப்பதில்லை. 'தி' என்ற சின்னச் சொல்லே சில கடிதங்களில் எந்தச் சூப்பர்வைசர் என்று சொல்லிவிடும்.

அந்தக் கடிதத்தினால் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. என் வாக்கியம் இல்லாவிட்டாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

அவன் திரும்ப வகுப்புக்கு வந்தான். வேறொரு இடத்தில் ஸ்டோரில் வேலை கிடைத்திருந்தது, இமெயில் எழுதவேண்டியிருந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, பையிலிருந்து அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸை எடுத்தான். நாலாக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது.

"சார், இதுல 'ஹேட் பீன்' போட்டீங்களே, அது எதுக்கு சார்?"

பாஸ்ட் பர்ஃபெக்ட் என்றேன். நடந்து முடிந்த ஒரு விஷயத்துக்கு முன்னாலேயே இன்னொன்று நடந்து முடிந்திருந்தால், முன்னால் நடந்ததற்கு 'ஹேட்' போடவேண்டும் என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினேன். நான் ஸ்டேஷனுக்குப் போனேன், அதற்கு முன்னாலேயே டிரெயின் போயிருந்தது.

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நான் மெஷின்கிட்ட போறதுக்கு முன்னாடியே யாரோ கவரைக் கழட்டி வச்சிருந்தாங்கன்னு ஆவுது இல்ல சார்?"

"ஆமாம்பா" என்றேன். "அப்படித்தான் ஆகுது."

"ஆனா நான்தானே சார் கழட்டுனேன்."

சந்தேக நோட்டை இழுத்து, 'ஹேட் பீன்' என்று எழுதி, பக்கத்தில் தமிழில் 'முன்னாடியே' என்று எழுதிக்கொண்டான். இடது கை எழுத்து இப்போது நன்றாக நிமிர்ந்திருந்தது.